என்ன முறை?

பேக்கரிக்காரனின் சட்டைகளை அள்ளிப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தாள் பல் டாக்டர்.

"நாலு வருஷம் இந்த வீட்ல இருந்தவனை ஒரே காலையில கிளப்புறே" என்றான் அவன்.

"ரெண்டு நாள்தான். அம்மா போனதும் வந்துடு."

விஷயம் இதுதான். "எங்க வீட்ல ரெண்டு அப்பா" என்று முந்தின நாள் போனில் பாட்டியிடம் சொல்லிவிட்டாள் மகள். "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள். அதிலிருந்து இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கணவன் கதவில் சாய்ந்து நின்றான். "எதுக்கு ஒளிக்கணும்? இவன் யாருன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். குடும்ப நண்பர்."

"நண்பர்னா நான் எதுக்கு பாத்ரூம் கழுவுறேன்?" என்றான் பேக்கரிக்காரன்.

"சரி, பார்ட்னர்."

"நாம என்ன கடையா நடத்துறோம்?" என்று சீறினாள் அவள்.

"அப்போ துணைவர்."

"துணைவேந்தர் மாதிரி இருக்கு. வேந்தர் நீயா?" பேக்கரிக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை; அவனுடைய ஷேவிங் சாமானைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தாள்.

"உள்ளதைச் சொல்லித் தொலையேன். ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்றான் கணவன்.

"எங்க அப்பா ஒத்தைப் பிள்ளை. அந்தப் பிடிவாதம்தான் எனக்கும்." பெட்டியின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அம்மா. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா. அப்பா இறந்த பிறகும் அம்மா எங்கே போனாலும் கூட்டிப் போவது அவர்தான்.

அம்மா உட்காரவில்லை. வாய் பிளந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், பேக்கரிக்காரனைப் பார்த்தாள். "கிளம்புறீங்களா தம்பி?"

அவன் பல் டாக்டரைப் பார்த்தான். ஒத்திகை பார்த்த பொய் எதுவும் அவள் வாயில் வரவில்லை.

"இல்லம்மா. அவர் எங்கேயும் போகல. இது அவரோட வீடும்தான்."

அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவர் என்ன முறைன்னு பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கே?"

"அதுக்குத்தாம்மா வார்த்தை கிடைக்கல. காலையிலேர்ந்து அடிச்சுக்கிறோம்."

அம்மா பின்னால் திரும்பினாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லு. உனக்கு நாங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம்."