திருடன் விட்டுப்போன வெள்ளி

அவர் முதலில் கண்ணாடி அலமாரியைத்தான் பார்த்தார்.

கதவுகள் இரண்டும் அகலத் திறந்துகிடந்தன. உள்ளே எதுவும் இல்லை.

எல்லாம் தரையில் இருந்தன. உடையாமல், சுவர் ஓரமாக, யாரோ எடுத்து எடுத்து இறக்கி வைத்ததுபோல.

காண்டன் பீங்கான் தட்டுகள், கிண்ணங்கள். ரங்கூன் வெள்ளிக் கிண்ணம். இஸ்தான்புல் செம்புக் காபிப் பானை. லிஸ்பன் வெள்ளி ஜக்கு. யோகோஹாமாவில் ஒரு மழைநாளில் வாங்கிய வெண்கலக் கொக்கு.

முட்டி போட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்றும் குறையவில்லை.

சமையலறையில் அவர் மனைவி பிலோமி அழுதுகொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் பேரனுக்கு ஞானஸ்நானம். போய்த் திரும்புவதற்குள் பின்கதவைக் கீலோடு பெயர்த்திருந்தார்கள். மிக்ஸி போயிருந்தது. கேஸ் சிலிண்டர், டி.வி., இட்லிக் கொப்பரை, எவர்சில்வர் குடம், தட்டு, டம்ளர் எல்லாம் போயிருந்தன.

"தண்ணி குடிக்க ஒரு டம்ளர் விடல பாத்தியளா, படுபாவி."

அவர் கொக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொனிபாஸ் கொரைரா என்பது அவர் பெயர். தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கு அவர் கப்பல்காரர். என்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் கப்பல் நின்றால் மற்றவர்கள் மதுக்கடைக்குப் போவார்கள். அவர் பழைய சாமான் கடை தேடிப் போவார். மற்றவர்கள் பெண்டாட்டிக்குச் சங்கிலி கொண்டுவந்தார்கள். அவர் வைக்கோலில் பொதிந்து இவற்றைக் கொண்டுவந்தார்.

பிலோமி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கறுத்த வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்று மட்டும் எப்போதாவது கேட்பாள்.

தொடாதே என்பார். அந்தக் கறுப்புதான் அதன் வயசு என்பார்.

ஒருவேளை அதனால்தான் திருடன் எடுக்கவில்லையோ? ஈயம் என்று நினைத்துவிட்டானோ?

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு, லிஸ்பனில் வாங்கிய ஜக்கைத் திருப்பிப் பார்த்தார்.

அடியில் ஒரு கீறல். புதுக் கீறல். கத்தியால் சுரண்டியிருக்கிறான். கறுப்புக்கு நடுவே வெள்ளி பளீரென்று தெரிந்தது.

அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் கீழே வைத்துவிட்டு மிக்ஸியைத் தூக்கியிருக்கிறான்.

ஏன்?

சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. முயன்றும் பார்த்தார். வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனதுபோல் இருந்தது.

ஜக்கைக் கீழே வைத்தார்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு இசக்கிப்பாண்டி வந்தார். பின்கதவைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தரையில் இருந்ததில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏட்டு தரையில் இருந்தவற்றைப் பார்த்தார். கொக்கின் மூக்கைச் சுண்டினார்.

"இதெல்லாம் என்ன அண்ணாச்சி?"

"பழைய சாமான். வெளிநாட்டுது."

"அதான் விட்டுட்டுப் போயிருக்கான். கடையில விக்கப் போட்டா யார் எடுப்பா?" ஏட்டு சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். "சிலிண்டர், மிக்ஸி, டி.வி., பாத்திரம். வேற விலை உள்ள பொருள் எதுவும் போகலையே?"

"போயிருக்கு."

தன் குரலைத் தானே கேட்டார்.

"வெள்ளி ஜக்கு ஒண்ணு. லிஸ்பன்ல வாங்குனது. இருநூறு வருஷம் பழசு. ராசா வீட்டுப் பொருள்."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி? அப்ப ஆள் விஷயம் தெரிஞ்சவன்தான்."

ஆமாம் என்று தலையாட்டினார். எங்கிருந்தோ ஒரு நிம்மதி வந்தது. விஷயம் தெரிந்தவன்.

அப்போதுதான் நிமிர்ந்தார்.

ஏட்டின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில், பிலோமி நின்றாள். ஒரு கையில் பீங்கான் கிண்ணம். இன்னொரு கையில், விளிம்புவரை தண்ணீர் நிறைந்த அந்த லிஸ்பன் ஜக்கு.

வீட்டில் வேறு பாத்திரம் இல்லை.

அவள் அவரையே பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பித் தரையில் விழுந்தது.

ஓசைப்படாமல் உள்ளே திரும்பிப் போனாள்.

மறுபடி வந்தபோது கிண்ணம் மட்டும் இருந்தது. ஏட்டு அதை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, தரையில் டொக்கென்று வைத்தார். எந்தக் கப்பலிலும் கொரைராவின் நெஞ்சு அப்படி ஆடியதில்லை.

"வெள்ளிக் கடை எல்லாத்துலயும் விசாரிச்சிருவோம். கவலப்படாதிய அண்ணாச்சி. எப்படியும் பிடிச்சிரலாம்."

ஏட்டின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

பிலோமி தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். சிரிப்பாள் என்றும் நினைத்தார்.

அவள் அலமாரியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத இனிமே எங்கங்க வைக்கது?"

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

களவுப் பொருளை எங்கே ஒளிப்பார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை.