பட்டாணியளவு பல்பு

பேட்டரி புதிது, பெல்ட் புதிது. இருந்தும் இன்னாசியின் பழைய கார் அடிக்கடி சார்ஜ் இறங்கி நின்றது. மெக்கானிக் தாசன் டேஷ்போர்டுக்குள் கைவிட்டுத் துழாவினான்.

"இங்க இருந்த சின்ன பல்பு எங்கண்ணே? அது வழியாத்தான், பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்டு போகும்."

இன்னாசி தயங்கித் தயங்கிப் பர்ஸிலிருந்து அதை எடுத்தார். "சாவியத் திருப்புனாலே செவப்பா எரியும். இவ பயந்து வண்டியில ஏறமாட்டேன்னுட்டா. அதான் கழட்டிட்டேன்."

பின்சீட்டில் இருந்த அவர் மனைவி ரெஜினா நிமிர்ந்தாள். வண்டி குணமாகிவிட்டது என்று நம்பித்தான் இத்தனை நாளும் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

தாசன் பல்பைப் பொருத்தினான். இன்னாசி சாவியைத் திருப்ப, சிவப்பு எரிந்தது. ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பல்பு அணைந்தது.

அவள் இறங்கி முன்சீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நிறுத்திட்டு இன்னொருக்கா போடுங்க," என்றாள்.