ஹசிந்தாவின் காரம்

முதல் வாயிலேயே வக்கீலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கடை மொத்தமும் கைதட்டிச் சிரித்தது.

"என்ன சார், லீமாவிலேருந்தா? ஊட்டி விட ஆள் வேணுமா?" என்றான் டாக்சிக்கார ரூபென்.

ஹசிந்தா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஆப்பிள் போலக் கொழுத்த ரொக்கோட்டோ மிளகாய், உள்ளே கொத்துக்கறி, மேலே உருகிய பாலாடைக்கட்டி. அவள் கையால் அதைத் தின்றுவிட்டுக் கண் கலங்காமல் எழுந்தவன் அரெகிப்பா ஊரிலேயே கிடையாது.

மகன் வில்பெர் சிறைக்குள் செத்த பிறகு அவள் சிரித்தது இன்றுதான்.

பூட்டிய அறைக்குள் ஒரு காவலன் அவன் முகத்தில் பெப்பர் ஸ்ப்ரே அடித்துக் கொன்றான் என்று வழக்குப் போட்டிருந்தாள். மாரடைப்பு என்று சிறைக்காரர்கள் சாதித்தார்கள். போன வாரம் தடயவியல் அறிக்கை வந்தது. சட்டைக் காலரில், கைமடிப்பில், மூக்குக்குள் மிளகாயின் காரச்சத்து.

இனி அந்தக் காவலன் தப்ப முடியாது.

வழக்கு விஷயமாக வந்தவர் என்பதால் வக்கீலுக்குப் பெரியதாகப் பார்த்து வைத்திருந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பையன் இறந்த அன்னிக்கு, ஞாயித்துக்கிழமை, அவனுக்கும் இதத்தான் கொண்டு போனீங்களாம்மா?"

"இதேதான்."

"இதே காரமா?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"பின்ன? என் பிள்ளைன்னா பாயசமா வைப்பேன்? ஊருக்கே ஒரே சட்டிதான் சார்."

மறுபடியும் கைதட்டல்.

வக்கீல் அதை அப்படியே எழுதினார். ரூபெனும் பக்கத்து மேசைக் கொத்தனாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், பெருமையாக.

"கையால சாப்பிட்டிருப்பான். மூக்கைத் தேச்சிருப்பான். சட்டையில துடைச்சிருப்பான்." வக்கீல் தட்டை மெல்ல நகர்த்தினார். "ஸ்ப்ரேல இருக்கறதும் மிளகாதான், இதுல இருக்கறதும் மிளகாதான். எதுலேருந்து வந்ததுன்னு சோதனையில சொல்ல முடியலயாம். நான் காவலரோட வக்கீல்மா."

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"இல்ல, அன்னிக்கு வச்சது வேற. விதையும் நரம்பும் சுரண்டி, வினிகரும் சர்க்கரையும் போட்டு, தண்ணி மாத்தி மாத்தி வேகவச்சேன். அதுல காரமே கிடையாது. அவனுக்குக் காரம் ஆகாது சார். ஒரு துளி பட்டாலும் மூச்சு நின்னுடும்."

ரூபென்தான் முதலில் சிரித்தான்.

"யக்கா, ஹசிந்தா ரொக்கோட்டோல காரம் இல்லன்னு சொன்னா ஜட்ஜே நம்ப மாட்டாரு."

"அதுவும் உன் வயித்துல பொறந்தவனுக்குக் காரம் ஆகாதா?" என்றார் கொத்தனார். அவளுக்காக அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

கடைப் பேர் கெட்டுவிடும் என்று மகனை அடுப்படிக்குள்ளேயே உட்காரவைத்துத் தனிச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். ஒரு வாடிக்கைக்காரருக்கும் தெரியாது.

"தெரிஞ்சவங்க ஒருத்தராவது உண்டாம்மா?" என்றார் வக்கீல். "ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்."

அவள் கரண்டியை மேசையில் வைத்தாள்.

ஒருத்தனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிறை வாசலில் சாப்பாட்டைச் சோதித்த காவலன் ரொக்கோட்டோவில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டான். முகத்தைச் சுளித்தான். "என்னம்மா, காரமே இல்ல, பல்லு முளைக்காத பிள்ளைக்கா கொண்டு போற?"

நல்ல மனுஷன் என்று நினைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாததை அவன் காதருகே போய்ச் சொன்னாள். ஒரு துளி காரம் பட்டாலும் என் பிள்ளை செத்துடுவான் சார், கொஞ்சம் கவனிச்சுக்கங்க.

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "இனிமே அது என் பொறுப்பு."

வழக்கில் அவள் எழுதிக் கொடுத்திருந்தது அவன் பெயரைத்தான்.