அடைகாக்கும் மாதம்

ஆண் கெளுத்தி இரையெடுக்காமல் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். சத்தம் கேட்டால் மிரண்டு துப்பிவிடும் என்பதால், அந்த மாதம் முழுக்கக் கழிமுகத்தில் படகு எஞ்சின்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் கஸ்பார், பிரசவ வலியில் துடித்த மனைவி ஜெனோவாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துடுப்பு வலித்தான்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“அந்தா, பாலம் தெரியுதுல்லா. கொஞ்சம் பொறுத்துக்க.”

அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். பாலத்தை நெருங்கும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. படகில் கூட வந்த கஸ்பாரின் அக்காள் சலேத் ஏந்திக்கொண்டாள். ஆண்பிள்ளை. அழவில்லை.

“முதுகுல தட்டுக்கா.” கஸ்பார் துடுப்பை விட்டுவிட்டான்.

சலேத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிள்ளை வீறிட்டது.

சத்தத்தைக் கண்காணிக்கும் மிதவைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கெரித்து, கரைவரை எச்சரித்தன.

“அழுலே,” என்றான் கஸ்பார். “நல்லா அழு.”