கேனாப்பில் காலை எட்டரை

"இரண்டு இரவுகள்" என்று வெர்னா தாளின் தலைப்பில் எழுதினாள். எழுதிய பிறகும் அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

மேசையின் எதிர்ப்புறத்தில் அவளுடைய தங்கை கேல் வரைபடத்தை விரித்திருந்தாள். மூன்று மூலைகளில் உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் காப்பிக் கோப்பையும் இருந்தன. நான்காவது மூலையைத் தன் முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

வெர்னா வசிக்கும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரப் பயணம். அரிசோனாவின் எல்லையைத் தாண்டினால் யூட்டா. அங்கே செம்பாறைகளின் நடுவில் கேனாப் என்னும் சிற்றூர்.

அந்த ஊருக்கு அப்பால், அலையலையாக உறைந்து நிற்கும் பாறைவெளிக்குள் நாளொன்றுக்குச் சிலரைத்தான் விடுவார்கள். அதற்குக் குலுக்கல் உண்டு. வெர்னாவும் அவள் கணவர் வெண்டலும் மாதந்தவறாமல் விண்ணப்பித்தார்கள். பிப்ரவரியில் அவர்கள் பெயர் வந்தது: மே பதினான்கு, இருவருக்கு.

மார்ச் கடைசியில் வெண்டல் இறந்தார்.

இரண்டாவது இடம் கேலுக்கு என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஒருநாள் அவள் புதிய காலணிகளோடு வந்து நின்றாள், அவ்வளவுதான். வெர்னா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விடுதியின் விண்ணப்பத்தில் எத்தனை கட்டில் என்ற கேள்விக்கு அவள் 'ஒன்று' எனக் குறித்திருந்தாள். கேல் அதைப் பார்த்துவிட்டு இரண்டாக மாற்றினாள்.

"எல்லைக்கு இந்தப் பக்கம் பேஜ் ஊர்ல தங்க வேணாம், கேனாப்லயே தங்கிடலாம். இல்லன்னா நாமளும் உன் புருஷன் மாதிரி ஊரெல்லாம் போனப்புறம் போய்க் கதவத் தட்டணும்" என்றாள் கேல். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெர்னாவுக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடம் எது என்று தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு மே மாதத்தில் அவர்களுக்குச் சீட்டு விழுந்தது. காலை எட்டரைக்குக் கேனாப்பில் இருக்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். மார்ச்சில் யூட்டாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அரிசோனாக்காரர்கள் தொடவே மாட்டார்கள். இது தெரியாதவர் அல்லர் வெண்டல். ஆனாலும் எல்லைக்கு இப்பால் பேஜில் தங்கி, தம் கைக்கடிகாரத்தின்படி எட்டு இருபத்தைந்துக்குப் பெருமையோடு போய் இறங்கினார்.

அனுமதி அலுவலகத்தில் சீருடை அணிந்த இளம்பெண் சுவர்க் கடிகாரத்தைச் சுட்டினாள். ஒன்பது இருபத்தைந்து.

"உங்க கடிகாரம்தான் தப்பும்மா" என்றார் வெண்டல்.

இடம் போய்விட்டது. வந்த வழியே திரும்பினார்கள். அதன்பின் விருந்துகள்தோறும் அவர் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் குற்றம் யூட்டாவினுடையதாகவே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அவள் கேட்க விரும்பியது ஒரே ஒரு வாக்கியம். என் தப்புத்தான், வெர்னா. மருத்துவமனையில் மூன்று வாரம் கட்டிலருகே அமர்ந்திருந்தபோதும் அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் வானிலையைப் பற்றிப் பேசினார். தோட்டத்துக் குழாயைப் பற்றிப் பேசினார். பிறகு பேசவில்லை.

அடக்கத்தின்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

"தண்ணி, ஆளுக்கு நாலு லிட்டர். தொப்பி. அப்புறம் நேரம் பார்க்க ஏதாவது வேணும்" என்றாள் கேல். "என் போன் எல்லைகிட்ட போனாலே மணிய மாத்தி மாத்திக் காட்டுது. பைத்தியம் பிடிச்சுடும். வெண்டலோட வாட்ச் எங்க?"

குளிர்பெட்டியின் மேல் மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. ஐந்து வாரங்களாக அதன் முடிச்சு அவிழவில்லை. கேல் எட்டி எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மேசைமேல் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி. சீப்பு. இடுப்புவார். தேய்ந்த தோல்பட்டையோடு அந்தக் கைக்கடிகாரம்.

கடைசி நாள்வரை அவர் அதைக் கழற்றவில்லை. ஊசி போட வந்த செவிலியரைக்கூடத் தொடவிடாமல், "இது என் சொத்து, இன்னொரு கைய எடுத்துக்கோ" என்று விரட்டியவர்.

"ஓடுது, ஆனா கோளாறாயிடுச்சு" என்றாள் கேல். "செல் போயிருக்கும்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பின் மேலிருந்த கடிகாரத்தில் பதினொன்று பத்து. கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. நொடிமுள் தடுமாறாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டின் நிமிட முட்களும் ஒரே இடத்தில் நின்றன.

கேல் பக்கவாட்டுத் திருகை நகத்தால் இழுக்கப் போனாள்.

வெர்னாவின் கை மேசையைக் கடந்து வந்து அவள் விரல்களைப் பற்றியது.

"தொடாத" என்றாள் வெர்னா. "சரியாத்தான் வச்சிருக்கார். அது கேனாப் நேரம்."