மணி பிளாண்ட் திருட்டு

"இன்னிக்கும் வெட்டியிருக்காங்க. வந்து பாருங்க."

சாந்தாமேரி போட்ட சத்தத்தில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு ஓடி வந்தார் அவள் கணவர் பாக்கியநாதன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு.

கேட்டிலிருந்து வராண்டாத் தூண் வரை படர்ந்திருந்த மணி பிளாண்டில், கீழே தொங்கிய கொடிகளை யாரோ நறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வாரமாக இதே கதை.

"திருடி நட்டாத்தான் பணம் கொட்டும்னு சொல்றாங்கல்ல, அதான்" என்றார்.

"நம்ம ஊட்லயும்தான் இருக்குது. எங்க கொட்டுச்சு?"

"நாம காசு குடுத்துல்ல வாங்கினோம்."

சாந்தாமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. கோடை விழாவின் வீட்டுத் தோட்டப் போட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். இந்தக் கொடியை நம்பித்தான் பேர் கொடுத்திருக்கிறாள். போன வருஷம் ஆறுதல் பரிசு என்று ஒரு சோப்பு டப்பாவைக் கையில் திணித்து அனுப்பியதை அவள் இன்னும் மறக்கவில்லை.

திருடி யாரென்றும் தெரியும். சேலத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அமுதா. விடியற்காலையில் அவள் கத்திரிக்கோலோடு நின்றதைப் பால்காரர் பார்த்திருக்கிறார்.

அன்றைக்குக் குழாயடியில் சாந்தாமேரி சாடை பேசினாள்.

"கேட்டா ஒரு கொடி குடுக்க மாட்டமா? சில பேருக்குத் திருடுனாத்தான் ருசி."

அமுதா குடத்தை நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் பிடித்தாள்.

"உங்க ஜிம்மி எப்படியிருக்குதுங்க?" என்று யாரோ பேச்சை மாற்றினார்கள்.

அவ்வளவுதான், சாந்தாமேரியின் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையில்லாத வீட்டுக்கு அந்த நாய்தான் பிள்ளை. போன வாரம் வாயிலிருந்து எச்சில் ஒழுக, சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டும் தேறவில்லை. அந்தோணியார் கோயிலுக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றி அழுதுவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இப்போது தெருவைச் சுற்றுகிறது.

"அந்தோணியார் காப்பாத்திட்டாருங்க" என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை விடியற்காலை. மூடுபனியில் வராண்டாத் தூணுக்குப் பின்னால் பதுங்கி நின்றாள் சாந்தாமேரி. கேட் மெல்லத் திறந்தது. ஜிம்மி குரைக்கவில்லை, வாலை ஆட்டியது. சோறு போட்ட வீட்டுக்கே துரோகம் பண்ணுகிறதே என்று பல்லைக் கடித்தாள்.

"ஏங்கண்ணு அமுதா, போட்டிக்குள்ள மொத்தத்தையும் முடிச்சுரலாம்னா?"

அமுதா கத்திரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சாந்தாமேரி விடவில்லை. கையைப் பிடித்து அவள் வீட்டுக்கே இழுத்துப் போனாள். எத்தனை தொட்டியில் நட்டு வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும்.

தொட்டி ஒன்றுகூட இல்லை. வெட்டிய கொடியெல்லாம் கொல்லைப்புறக் குப்பைக்குழியில் வாடிக் கிடந்தது.

"நடாம எதுக்கு வெட்டுன?"

"நட்டா அது திருட்டாயிருமுங்களே அக்கா."

"வெட்டி வீசுனா?"

"ஜிம்மி அந்த எலையை மெல்றதைப் பார்த்தேனுங்க. எங்க அண்ணன் பையன் ஒருக்கா அதைக் கடிச்சுட்டு, வாயும் நாக்கும் வீங்கி, எச்சிகூட முழுங்க முடியாமக் கதறிட்டான். அது வெசச்செடின்னு டாக்டர் சொல்லித்தான் தெரியுமுங்க. அதான் ஜிம்மி படுக்கற எடத்துல முதல்ல வெட்டினேன். அப்புறம் தினம் கொஞ்சமா, அதுக்கு எட்டற வரைக்கும்."

சாந்தாமேரி அமுதாவோடு வாசலுக்கு வந்து, பக்கத்தில் தெரிந்த தன் கொடியைப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் வெட்டு. மேலே ஓர் இலை குறையவில்லை. குழாயடியில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அத்தனை பேர் முன்னால உன்னையத் திருடியாக்கிட்டேன். அப்பவாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"அந்தோணியார் காப்பாத்துனாருன்னு நீங்க நொம்ப சந்தோசமாச் சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல பூந்து, 'அவரில்லீங்க, என்ர கத்திரிக்கோலு'ன்னு எப்படிங்கக்கா சொல்றது?"