பிரசங்க நேரத்துக் கதவு

பிரசங்கம் நடக்கும்போது சர்ச் கதவைத் திறக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் சர்ச் பணியாளரான கோயில்பிள்ளைக்கு வாசலோரம் நாற்காலி போட்டிருக்கிறார்கள். போதகர் ஐயா நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி முழங்குகிறார்; முன்வரிசையில் விசிறிகள்கூட அசைய மறந்து நிற்கின்றன. வெளியே கொட்டும் மழையில் யாரோ விடாமல் இருமுகிறார். கோயில்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தூக்குகிறார். கீல் கிறீச்சிட, எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெடவெடக்கும் மனிதரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, தோள்துண்டால் தலையைத் துவட்டுகிறார். கடைசி பெஞ்சிலிருந்து மனைவி கிசுகிசுக்கிறாள்: “என்னங்க இது? ஐயா பாக்குறாரு. வேலையே போயிடும்!” துவட்டும் கை நிற்கவில்லை. “போனா போகுது. அந்த நாள்ல என்னைக் கேக்கப்போறவரு ஐயா இல்லையே.”